கோப்புகள் தயார், வார்டு?

கேள்வி: குடியாத்தத்தில் 30 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராக இருக்கிறேன். என்.ஏ.பி.எச். (மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியம்) தரச்சான்று ஆய்வு அடுத்த மாதம் நடக்கிறது. கோப்புகள் தயார், வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: கோப்புகளோடு நின்றுவிடாதீர்கள், அம்மா. மதிப்பீட்டாளர்கள் ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் நேரமும் உள்ளனவா, மருந்து கொடுத்தவர் அப்போதே பதிந்தாரா என்று பார்ப்பதோடு, புதிதாகச் சேர்ந்த செவிலியரிடமும் துப்புரவுப் பணியாளரிடமும் நேரடியாகவே கேள்வி கேட்பார்கள். 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, ஊசிகள் வெள்ளைக் கலனுக்கும் டிரிப்ஸ் டியூப்கள் சிவப்புப் பைக்கும் போக வேண்டும். சுத்திகரிக்கப்படாத கழிவைப் பொதுவாக 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. (ஒரு மாதப் பதிவேட்டை ஒரே நாளில், ஒரே பேனாவால் நிரப்பியிருந்தால் எவருக்கும் தெரிந்துவிடும்.) தீயணைப்புத் துறைச் சான்றின் காலாவதித் தேதியையும் இன்றே பாருங்கள்.