பலகைக்கு மட்டும் மனைவியின் பெயரா?

கேள்வி: அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை கணிதம் எடுக்கிறேன். வீட்டுக்கடன், மகளின் படிப்பு, தாயாரின் மருந்துச் செலவு என்று எல்லாம் சேர்ந்து நெருக்குவதால், வரும் ஜூன் மாதத்திலிருந்து வீட்டுக் கூடத்தில் மாலை நேரத்தில் சிறிய அளவில் டியூஷன் தொடங்க நினைக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகளிலேயே பதினைந்து பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். பள்ளியில் பேச்சு வராமலிருக்கப் பலகையில் மனைவியின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன், அவளும் பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்தவள், கல்யாணத்துக்குப் பிறகு வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். மாதக் கட்டணம் எவ்வளவு வைக்கலாம்? ஒரு குழுவில் எத்தனை பேரைச் சேர்க்கலாம்? முன்பணம் வாங்கலாமா?
– ஓர் ஆசிரியர், கும்பகோணம்

பதில்: நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் விடை இருக்கிறது, அவற்றைப் பிறகு சொல்கிறேன். கோடை விடுமுறை வந்துவிட்டால் இதே கேள்விகளோடு கடிதங்கள் வரத் தொடங்கிவிடும், ஏறக்குறைய எல்லாவற்றிலும் வீட்டுக்கடன் இருக்கும், மாலையில் சும்மா கிடக்கும் ஒரு கூடமும் இருக்கும். உங்கள் கடிதத்தில் மட்டும், ஒரு காற்புள்ளிக்குப் பின்னால் நீங்கள் ஒதுக்கி வைத்துவிட்டுப் போன ஒருவர் இருக்கிறார். கணிதப் பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் பெற்ற பெண் உங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருக்க, அவருடைய பெயரைக் கடன் வாங்கிப் பலகையில் எழுதிவிட்டு, பாடத்தை நீங்கள் நடத்தலாம் என்று திட்டமிட்டிருக்கிறீர்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்பதைக்கூடக் கடிதத்தில் எழுதவில்லை.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, ஆசிரியர் எவரும் தனிப்பயிற்சியில் ஈடுபடக் கூடாது என்கிறது. இது உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்திருப்பதால்தான் பலகைக்கு வேறு பெயர் தேடுகிறீர்கள். நாளை யாராவது மனு எழுதிப் போட்டால், விசாரணைக்கு வருபவர் முன்னால் உங்கள் மனைவி, தாம் நடத்தாத வகுப்பைத் தாமே நடத்துவதாகச் சொல்ல வேண்டியிருக்கும். கட்டிய மனைவியைப் பொய்ச்சாட்சி சொல்லும் இடத்தில் நிறுத்தித்தான் வீட்டுக்கடன் தவணையைக் கட்ட வேண்டும் என்றால், அந்த வீட்டை விற்றுவிட்டு வாடகை வீட்டுக்குப் போவது மேல் என்பேன்.

அந்தப் பதினைந்து பேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலாண்டுத் தேர்வுத் தாளைத் திருத்துபவர் நீங்கள், பெற்றோர் கூட்டத்தில் பிள்ளையின் குறையை எடுத்துச் சொல்பவரும் நீங்கள். அப்படிப்பட்டவர் மாலையில் வீட்டுக்கு அனுப்பச் சொன்னால், எந்தத் தாய் முடியாது என்று சொல்வாள்? வரமுடியாத பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தால் காரணம் என்னவென்று ஊர் பேசும், வருகிற பிள்ளைக்குக் கூடினாலும் அதே பேச்சுத்தான். நீங்கள் எவ்வளவு நேர்மையாகத் திருத்தினாலும் அந்தப் பேச்சை நிறுத்த முடியாது. பள்ளியில் நாற்பது நிமிடம் சொல்லிக்கொடுக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அதே பிள்ளைக்கு அதே பாடத்தை மாலையில் விலைக்கு விற்பதை எந்தப் பெயரால் அழைத்தாலும் எனக்கு ஒப்பவில்லை.

ஆகவே டியூஷன் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். தாராளமாகத் தொடங்கலாம், ஆனால் உங்கள் மனைவி தொடங்கட்டும், பெயரும் அவருடையது, சாக்கட்டியும் அவர் கையில், வருகிற பணமும் அவருடைய வங்கிக் கணக்கில். அவருக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும், பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள், பெற்றோர் நம்பி அனுப்ப மாட்டார்கள் என்று நீங்கள் சொல்லப்போவதெல்லாம் எனக்குப் பாடம். கொரோனாக் காலத்துக்குப் பிறகு, 2021 அக்டோபரில், தமிழ்நாடு அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியபோது, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் மாலை வகுப்பு எடுக்க வந்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். படித்துவிட்டு வீட்டோடு இருந்த எத்தனையோ பேர் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு அந்த வேலையைச் செய்தார்கள். அவர்களால் முடிந்தது, பி.எட். முடித்தவரால் முடியாதா?

இடைவெளி இருக்கும் என்பது உண்மைதான். அவர் படித்த காலத்துப் பாடநூல்கள் இப்போது இல்லை. 2018-19 கல்வியாண்டிலிருந்து படிப்படியாகப் புதிய நூல்கள் வந்துவிட்டன. இந்த இடத்தில்தான் உங்கள் அனுபவம் வீட்டுக்குப் பயன்பட வேண்டும். பள்ளி திறப்பதற்குள் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களை இருவரும் உட்கார்ந்து ஒருமுறை புரட்டுங்கள். பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் எவை என்பது பல ஆண்டு விடைத்தாள் திருத்திய உங்களுக்குத்தான் தெரியும். 2/3-உடன் 1/4-ஐக் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 3/7 என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கிற பிள்ளை ஒன்பதாம் வகுப்பிலும் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இயற்கணிதம் நடத்திப் பயன் இல்லை; ஒரு சப்பாத்தியைப் பன்னிரண்டு துண்டாக்கி, எட்டும் மூன்றும் பதினொன்று என்று கையில் கொடுத்துக் காட்ட வேண்டும். அதற்குப் பொறுமைதான் முதல் தேவை. அதனால் பத்தாம் வகுப்பைத் தொடாமல், ஆறு முதல் எட்டு வரை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பொதுத்தேர்வு மதிப்பெண் என்ற சுமை முதல் ஆண்டிலேயே அவர் தலையில் ஏற வேண்டாம்.

இனி உங்கள் மாலைப் பொழுதுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தத் திட்டம் படுத்துவிடுவதாக இருந்தால் அது அங்கேதான் படுக்கும். ஐந்தரை மணிக்குப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்த பிறகு, உள்ளேயிருந்து உங்கள் தாயார் காப்பி கேட்பார், மகள் ரிக்கார்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவாள், காஸ் சிலிண்டர்காரர் வாசலில் நிற்பார். ஒவ்வொன்றுக்கும் உங்கள் மனைவி எழுந்து போனால் அது வகுப்பாக இருக்காது. ஐந்தரையிலிருந்து ஏழரை வரை சமையலறையும் தாயாரின் மாத்திரையும் மகளின் வீட்டுப்பாடமும் உங்கள் பொறுப்பு. இரண்டாவது சம்பளம் வீட்டுக்கு வேண்டுமென்றால் அதற்குரிய வேலையை இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பெற்ற தாய்க்கு மகன் காப்பி கலந்து கொடுப்பதில் ஒரு குறையும் இல்லை. இதற்குச் சம்மதமில்லை என்றால் டியூஷன் பேச்சையே எடுக்காதீர்கள்.

கேட்டவற்றுக்கு வருகிறேன். ஒரு குழுவுக்கு எட்டுப் பேர், மிஞ்சினால் பத்து. அதற்கு மேல் போனால் எல்லா நோட்டையும் தினமும் பார்க்க முடியாது, நோட்டைப் பார்க்காத டியூஷனுக்கு யாரும் பணம் தர வேண்டியதில்லை. கட்டணத்தை உங்கள் தெருவில் மற்றவர்கள் வாங்குவதை விசாரித்து அதை ஒட்டியே வையுங்கள். குறைத்து வைத்துப் பிள்ளை சேர்ப்பவர்கள் பிறகு ஏற்ற முடியாமல் திண்டாடுவதை நிறையப் பார்த்தாயிற்று. முன்பணம் வேண்டாம், அந்தந்த மாதம் பத்தாம் தேதிக்குள் என்று சொல்லி ஒரு சிறு நோட்டில் பெற்றோர் கையெழுத்தோடு குறித்துக்கொள்ளட்டும். உறவுக்காரப் பிள்ளைகளுக்குச் சலுகை காட்டுவதானால் அதை மனைவி முடிவு செய்யட்டும். உங்கள் தங்கை பிள்ளைகளை இலவசமாக உட்கார வைத்துவிட்டு அவரிடம் பிறகு தகவல் சொல்லாதீர்கள். ஜி.எஸ்.டி. பற்றிப் பயமுறுத்துபவர்கள் இருப்பார்கள். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை அதற்குப் பதிவு செய்யத் தேவையில்லை, எட்டுப் பிள்ளைகளில் அந்தக் கவலை வராது. வீட்டு மின் இணைப்பில் வகுப்பு நடத்தலாமா என்பதை மட்டும் மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இருட்டிய பிறகு எந்தப் பிள்ளையையும் தனியாக அனுப்பக் கூடாது, அழைத்துப் போக ஆள் வரும்வரை வாசலில் நீங்கள் நில்லுங்கள்.

உங்கள் பள்ளிப் பிள்ளை ஒன்றுகூட அந்தக் கூடத்தில் உட்காரக் கூடாது. பதினைந்து வீட்டுக்கும் வர வேண்டாம் என்று பள்ளி திறப்பதற்கு முன்பே நீங்களே சொல்லிவிட்டு, மனைவி தனியாக வகுப்பு நடத்தப்போகிற செய்தியைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அதற்கெல்லாம் முன்னால் இந்தப் பக்கத்தை உங்கள் மனைவியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவருக்கு இதில் விருப்பம் உண்டா என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் கடனை அடைக்க வேறு வழி தேடுங்கள். சரி என்றால், அடுத்த சந்தேகத்தை அவரே எனக்கு எழுதட்டும்.