கரடி, கருவாடு, கடைசிக் கூடாரம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நெல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அதன் கடைசியில், ஜூனிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை கனடாவின் ரொக்கி மலையில் விடுமுறைக்குச் சனம் காசு கட்டிக் கூடாரம் அடித்துத் தங்குகிற ஒரு திடலைப் பார்த்துக்கொள்கிறேன், காலபோக நெல்லுக்கு வவுனிக்குளம் வந்துவிடுவேன் என்று நாலு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதம் முழுக்க அந்த நாலு வரிக்குத்தான். நெல்லைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சரி, கேட்டதற்கே பதில் சொல்கிறேன்.

அண்ணை, அங்கே உங்களுக்கு என்ன வேலை, என்ன சம்பளம்? (மல்லாவி வாசகர்)

சம்பளம் இல்லை, தம்பி. நான் தங்குகிற ட்ரெயிலரை, அதாவது வாகனத்தில் கட்டி இழுக்கிற சின்ன வீட்டை, நிறுத்த ஓர் இடமும் கரண்டும் இலவசம், அதற்கு ஈடாக வேலை. கல்கரியிலிருந்து இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டத்துக்குள், கனனாஸ்கிஸ் பக்கம். காவலாளி என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள், ஆனால் ஒருவரைப் பிடிக்கவோ தண்டம் எழுதவோ எனக்கு அதிகாரம் கிடையாது, அதற்கு வேறு அதிகாரிகள் இருக்கிறார்கள், நான் பல்லைக் காட்டி நயமாகக் கேட்கலாம், கேட்காவிட்டால் அவர்களுக்கு அறிவிக்கலாம். வருகிறவர்களுக்கு இடம் காட்டுவது, அடுப்புக் குழியில் சாம்பல் அள்ளுவது, கக்கூஸ் கழுவுவது. கடைசியாகச் சொன்னதிலேயே பாதி நாள் போய்விடும். அது தண்ணீர் ஊற்றுகிற கக்கூஸ் இல்லை, கீழே பெரிய தொட்டி, நிரம்பினால் பவுசர் வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். அதற்குள் சனம் பியர் ரின்னும் போடும், பிள்ளையின் பம்பர்ஸும் போடும். குழாய் அடைத்தால் பவுசர்க்காரன் என்னைத்தான் பார்ப்பான். நீளக் கம்பி ஒன்றின் நுனியைக் கொளுக்கி மாதிரி வளைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு பம்பர்ஸை நான் மெல்ல மெல்ல மேலே இழுத்த காலை நேரத்தில் பின்னால் நின்ற பெண்மணி “எவ்வளவு அழகான மலை” என்றார். ஓம், அழகுதான்.

சனம் குறைந்த பிறகும் அங்கேயே இருக்கிறீர்களாம். பொழுது போகுமா? (முள்ளியவளை வாசகி)

செப்டெம்பர் முதல் திங்கள் அங்கே தொழிலாளர் தின விடுமுறை. அந்தச் சனி ஞாயிறு திடல் நிரம்பி வழியும். செவ்வாய் காலை எழும்பினால், வற்றாப்பளைப் பொங்கலுக்கு மறுநாள் கோயில் வீதியைப் பார்த்திருப்பீர்கள்தானே, அதே கோலம். பள்ளிக்கூடம் தொடங்கிவிடும், பிள்ளைகுட்டிக்காரர் வரமாட்டார்கள். அப்புறம் வருகிறவர்கள் வேறு ஆட்கள்: ஓய்வு பெற்ற சோடிகள், தனியே வருகிற ஆண்கள், கமெராவோடு அலைகிறவர்கள்.

செப்டெம்பர் பிற்பாதியில் லார்ச் மரம் மஞ்சளாகும். ஊசியிலை மரம்தான், ஆனால் மற்றவை மாதிரி வருடம் முழுக்கப் பச்சையாக நிற்காது, ஊசியெல்லாம் பொன்னிறமாகிக் கொட்டிவிடும், அந்தக் கூத்து இரண்டு மூன்று கிழமைதான். அதைப் பார்க்க மட்டும் சனி ஞாயிறில் மறுபடி கொஞ்சம் நெரிசல் வரும். அதே நாட்களில் எல்க் என்கிற பெரிய மானின் கிடா துணை தேடிக் கூவும். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து விசில் ஊதினது போலக் கீச்சுக் குரல் வரும். முதல் தரம் கேட்டபோது ஆரோ துருப்பிடித்த கேற்றைத் திறக்கிறார்கள் என்று டோர்ச் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டேன்.

வேலை குறையும் என்று நினைக்க வேண்டாம், வேலை மாறும், அவ்வளவுதான். இரவில் உறையத் தொடங்கினால் திடலின் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள், குழாய்க்குள் நிற்கிற தண்ணீர் ஐஸாகி விரிந்தால் குழாய் வெடிக்கும். என் ட்ரெயிலரிலும் தண்ணீரை வடித்துவிட்டு, உறையாத இளஞ்சிவப்புத் திரவம் ஒன்றை ஓட விடவேண்டும். அதற்குப் பிறகு குடிக்கக் குளிக்க எல்லாம் கானில் காவுகிற தண்ணீர்தான். அங்கத்தைய சிநேகிதர்கள் ஐயோ பாவம் என்பார்கள். வன்னியில் வளர்ந்தவனுக்குத் தண்ணீர் காவுவது ஒரு விஷயமா?

பொழுது போகுமா என்றீர்கள். பகல் போய்விடும். இரவுதான் நகராது. மலை வெயிலை நேரத்தோடே மறைத்துவிடும், போனுக்கு சிக்னல் இல்லை, ட்ரெயிலருக்குள் சின்ன ஹீற்றரின் முணுமுணுப்பு மட்டும். அதனால் ஒன்பது மணிக்கு வாளியோடு ஒரு சுற்றுப் போவேன். நெருப்பை அணைத்துவிட்டோம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் குனிந்து புறங்கையைச் சாம்பலுக்குக் கிட்டப் பிடிப்பேன், சூடு அடித்தால் ஊற்று, கிளறு, மறுபடி பிடித்துப் பார். அந்த ஊற்றுகிற, கிளறுகிற நேரத்தில்தான் ஆட்கள் வாய் திறப்பார்கள். போன ஒக்டோபரில் ஒருவர் தன் முழங்கால் ஒப்பரேஷன் பற்றி ஒரு மணித்தியாலம் சொன்னார், நான் வாளியை இறக்காமலே நின்று கேட்டேன், மறுநாள் காலை அது இடதா வலதா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட, போய்க் கேட்டேன். இடது.

அங்கே சோறு கறிதானா? (கனகராயன்குளம் வாசகர்)

ஓம், ஆனால் பருப்புப் பொறுமையைச் சோதிக்கும். 1,700 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது, ஆவிதான் போகும். பிரஷர் குக்கர் இல்லாமல் மலை ஏறாதீர்கள்.

நான் காட்டில் தேன் எடுக்கிறவன். எங்கள் கரடியும் அந்தக் கரடியும் ஒன்றா? கருவாடு பொரிக்க முடியுமா? (ஒட்டுசுட்டான் வாசகர்)

உங்களுக்கு நான் கரடி பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. எங்கள் கரடி கறையானும் தேனும் பாலைப்பழமும் தின்று வருடம் முழுக்க நடமாடும், திடீரென்று எதிர்ப்பட்டால் முகத்தில்தான் பாயும். அங்கே கறுப்புக் கரடி, கிறிஸ்லி இரண்டும் உண்டு. குளிர்காலம் முழுக்கக் குகைக்குள் படுக்கவேண்டும் என்பதால், இலையுதிர் காலத்தில் கொழுப்பு ஏற்றுவதற்காக நாளில் இருபது மணித்தியாலம் வரைகூடத் தின்னும். திடல் மூடப்போகிற காலத்தின் வில்லங்கம் இதுதான்: சனம் குறைந்துவிட்டது என்று மனிதன் அசட்டையாகிற அதே கிழமைகளில் கரடிக்குப் பசி உச்சம். சாப்பாட்டுப் பெட்டி, நாய்த் தீன், பற்பசைகூட வெளியே கிடக்கக்கூடாது, வாகனத்துக்குள் போகவேண்டும், அல்லது இரும்புப் பெட்டிக்குள்.

கருவாட்டுக்கு வருகிறேன். முதல் வருடம், ரொறொன்ரோவில் இருக்கிற என் தங்கச்சி அனுப்பிய கட்டாக் கருவாட்டை ட்ரெயிலருக்குள் ஜன்னலை இறுக்கி மூடிவிட்டுப் பொரித்தேன். நான் செத்தல் மிளகாயைக் கிள்ளிப்போட்ட மணம் எனக்கே அடுத்த மாகாணம் வரை போயிருக்கும் போல இருந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் கதவுப் படியில் சேற்றுப் பாதம், கண்ணாடியில் ஈர மூக்கு இழுபட்ட தடம். மணம் வரும் சாமான்களை வெளியே வைக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் துண்டுப் பிரசுரம் கொடுக்கிறவன் நான், கடைசியில் என்னைப் பற்றி நானே அதிகாரிக்கு அறிவிக்க வேண்டியதாகிவிட்டது. அவர் கேட்ட முதல் கேள்வி: “நீ என்னதான் சமைத்தாய்?” விளக்கப்படுத்தக் கனநேரம் பிடித்தது.

எங்கள் குளக்கட்டுப் பக்கம் இப்படி ஒன்று தொடங்கலாமா? (கிளிநொச்சி வாசகர்)

தொடங்கலாம். முதலில் கக்கூஸ் கட்டுங்கள், பிறகு பெயர்ப்பலகை. கோடையில் குளம் வற்ற வற்ற யானை தண்ணீருக்கு இறங்குகிற தடத்தில் மட்டும் கூடாரம் அடிக்கவேண்டாம்.

செட்டிகுளத்தில் கூடாரத்துக்குள் கிடந்தவள் நான். அந்தச் சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் வியர்க்கும். காசு கட்டி அதில் படுக்கிற சனத்துக்கு நீங்கள் காவலா? (விசுவமடு வாசகி)

அக்கா, உங்கள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு இரண்டு நாள் தொடவில்லை. நான் அப்போது கல்கரியில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன், போர் முடிந்த காலத்தில் சனத்தை அடைத்துவைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கிடந்தது என் தங்கச்சி, மேலே சொன்ன கருவாட்டுத் தங்கச்சிதான். ஆகவே நியாயம் சொல்ல எனக்கு வாய் இல்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன். மெனிக் பாமை மூடினது 2012 செப்டெம்பரில். அதற்குச் சில வருடம் கழித்து ஒரு செப்டெம்பரில் அவள் திடலுக்கு வந்தாள். மலையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தண்ணீருக்கு வரிசை நிற்கவேணுமோ என்று கேட்டாள். இரவில் கேற்றை ஆர் பூட்டுறது என்று கேட்டாள். ஒருவரும் பூட்டுறதில்லை, எந்நேரமும் போகலாம் வரலாம் என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் கேற்றைத் தாண்டி றோட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். பிறகு இன்னொரு தரம் போனாள். இருட்டின பிறகு டோர்ச்சும் இல்லாமல் மூன்றாம் தரமும் போய்வந்தாள், அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி போட்டுக் குடித்தாள். கூடாரத்தில் படுக்கவில்லை, ட்ரெயிலரில்தான் படுத்தாள், நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் நான் முகாம் என்ற சொல்லைப் பாவிப்பதில்லை, திடல் என்கிறேன். உங்களுக்கு வியர்ப்பதில் ஒரு பிழையும் இல்லை.

மகன் கல்கரியில் இருக்கிறான், அவனும் இந்த வேலைக்குக் கேட்கலாமா? (வவுனியா வாசகி)

கேட்கட்டும், தங்கச்சி. ஜூலைக்கு எல்லோரும் அடிபடுவார்கள், செப்டெம்பர் மாதம் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். ஒக்டோபர் இரண்டாம் திங்கள் விடுமுறையோடு அனேகமான திடல்கள் மூடிவிடும், அதற்குள் ஒருநாளாவது பனி கொட்டும், தடித்த சப்பாத்து வேண்டும். கையுறை இரண்டு சோடி கொண்டுபோகட்டும், ஒன்று சாம்பலுக்கு, ஒன்று மற்றதுக்கு. மாறிப்போகாமல் பேனையால் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.