பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறதா? அலைன்மென்ட்டுக்கு மறுபடியும் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: என் கார் 52,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போய் வந்ததில் இருந்து, 80-க்கு மேல் போகும்போது பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் கடகடவென்று உதறுகிறது. மிதிக்காவிட்டால் ஒன்றும் இல்லை. இரண்டு முறை அலைன்மென்ட், பேலன்சிங் செய்தாயிற்று. இப்போது சஸ்பென்ஷனை மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (திருமங்கலம் வாசகர்)

பதில்: மாற்றாதீர்கள். ‘மிதிக்காவிட்டால் ஒன்றும் இல்லை’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. பேலன்சிங் கோளாறு என்றால் பிரேக்கைத் தொடாமலே 80, 90-ல் கை நடுங்கும். அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், டயரைத் தின்னும். இது தெரிந்தும் இரண்டு முறை பில் போட்டிருக்கிறார்கள்.

கோளாறு பெரும்பாலும் முன் சக்கர டிஸ்க்கில்தான். பேட் இரண்டு பக்கமும் கவ்வுகிற அந்தத் தட்டு சுற்றிலும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கூடக்குறைய இருந்தாலே உங்கள் கைக்குத் தெரிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் விரலால் தடவிப் பார்த்து ‘டிஸ்க் பெண்டு சார்’ என்பவரை விட்டு விலகுங்கள். தடிமனை மைக்ரோமீட்டரிலும் ஆட்டத்தை டயல் கேஜிலும் அளந்து காட்டுகிறவர்தான் மெக்கானிக்.

கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு வரை பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கியிருப்பீர்கள். கொதிக்கும் டிஸ்க்கோடு அடிவாரத்தில் நிறுத்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இருந்தால், பேட் கவ்விய இடத்தில் அதன் பொருள் அப்பிக்கொள்ளும். சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பாருங்கள். பேட் அளவுக்குக் கறுப்புத் திட்டோ நீலம் பாய்ந்த இடமோ தெரிந்தால் அதுதான். அடுத்த முறை இரண்டாவது கியரில் இறங்குங்கள். இறங்கிய சூட்டோடு வாட்டர் வாஷுக்கும் விடாதீர்கள்.

இன்னொரு வில்லன், பஞ்சர் கடையிலும் டயர் கடையிலும் இருக்கும் காற்றுத் துப்பாக்கி. டர்ர்ர் என்று சக்கரத்தின் ஒரு நட்டை உயிர் போகிற அளவுக்கு இறுக்கி, அடுத்ததைப் பாதியில் விட்டுவிடுவார்கள். டிஸ்க் சமமாக உட்காராது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சில ஆயிரம் கிலோமீட்டர் போன பிறகுதான் உதறும். அதற்குள் கடைக்காரர் உங்களை மறந்திருப்பார். நட்டை எதிரெதிராக, சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கும் டார்க் ரென்ச்சில் (torque wrench) இறுக்கச் சொல்லுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஸ்டீயரிங் சும்மா இருக்க, சீட்டும் பெடலும் மட்டும் அதிர்ந்தால் பின் சக்கரத்தைப் பாருங்கள். உங்கள் வண்டியில் பின்னால் பெரும்பாலும் டிரம் பிரேக்தான் இருக்கும். காலி ரோட்டில், 30-ல், ஹேண்ட் பிரேக் பொத்தானை அழுத்தியபடியே மெதுவாக இழுங்கள். அப்போதும் அதிர்ந்தால் டிரம் வட்டம் போய்விட்டது. மறுபடியும் சொல்கிறேன், பொத்தானை விடாதீர்கள், வேகமாகப் போகும்போது இழுக்காதீர்கள். இதைச் செய்து பார்க்காமல் முன் டிஸ்க்கை மாற்றிவிட்டு என்னிடம் வந்தவர்கள் நிறைய.

சரி, செலவு? டிஸ்க்கில் ‘குறைந்தபட்சத் தடிமன்’ பொறித்திருக்கும். அதற்குக் கீழே போகாது என்றால் லேத்தில் கடைந்து கொள்ளலாம், இல்லையென்றால் ஜோடியாக மாற்ற வேண்டும். எதுவானாலும் பேட் புதிது. டிஸ்க் உட்காரும் ஹப்பில் இருக்கும் துருவைச் சுரண்டாமல் மாட்டினால் உதறல் திரும்ப வரும். பேட்டைப் பிடித்திருக்கும் கேலிப்பரின் ஊசி (pin) நகராமல் இறுகியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் சர்வீஸ் சென்டரில் கேட்டால் அட்வைசர் கம்ப்யூட்டரைத்தான் பார்ப்பார். வண்டிக்கு அடியில் அவர் குனிந்து நான் பார்த்ததில்லை, மாத டார்கெட்டுக்கு மட்டும் நன்றாகக் குனிவார். அரசாங்கமோ சொந்தக் காரைப் பதினைந்து வருடம் கழித்துத்தான் சோதிக்கக் கூப்பிடுகிறது. ஆகவே நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். கழற்றிய பழைய டிஸ்க் இரண்டையும் டிக்கியில் போடச் சொல்லிவிட்டு, அப்புறம் பணம் கொடுங்கள்.