பிடித்த வேலை எது என்று டெஸ்ட் எழுதினால் தெரியுமா?

டிகிரி முடித்து ஒரு வருடம் ஆகிறது, எந்த வேலை பிடிக்கும் என்றே தெரியவில்லை, ஆர்வத்தை அளக்கும் டெஸ்ட் எழுதினால் தெரிந்துவிடுமா, பிடித்த வேலையில் சேர்ந்தால்தான் நிம்மதியா என்று கேட்டிருக்கிறீர்கள். திருத்துறைப்பூண்டி என்றும் போட்டிருக்கிறீர்கள். எனக்கு வலங்கைமான் பக்கம். அந்த டெஸ்ட்டை நானும் எழுதியிருக்கிறேன், பின்னால் தொலைதூரக் கல்வியில் உளவியலும் படித்தேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பி.காம். கடைசி வருடத்தில் திருச்சியில் ஓர் இடத்தில் பணம் கட்டி எழுதினேன். மோட்டார் பழுது பார்க்கப் பிடிக்குமா? பிடிக்காது. கணக்கு எழுதிச் சரிபார்க்கப் பிடிக்குமா? பிடிக்கும். இப்படியே பக்கம் பக்கமாக. கடைசியில் கணக்கு வேலைதான் உங்களுக்குப் பொருத்தம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதச் சேர்ந்து ஆறு வருடம் இருந்தேன்.

அப்புறம் அப்பாவுக்கு முதுகில் ஆபரேஷன். எங்களுக்கு ஒன்பது மா நிலம், அதாவது ஏறக்குறைய மூன்று ஏக்கர், ஒரு போர்செட்டு. அந்தக் குறுவை நெல் பட்டத்துக்கு மோட்டாரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது, மும்முனை மின்சாரம் ராத்திரி வந்தால் ராத்திரியே கிளம்ப வேண்டும். முதல் வாரம் ஸ்டார்ட்டரைத் தொடவே கை நடுங்கியது. ஒருநாள் காயில் எரிந்துபோய், மெக்கானிக் அண்ணன் வந்து மாற்றும்போது பக்கத்தில் நின்று டார்ச் அடித்தேன். அடுத்த தடவை பீஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டு நானே மாற்றினேன். மோட்டார் ஓடிக் குழாயில் தண்ணீர் கொட்டியதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் ஆறு வருடக் கணக்கில் ஒருநாளும் வந்ததில்லை. டெஸ்ட்டில் நான் பொய் எழுதவில்லை. தொட்டே பார்க்காத ஒன்றைப் பிடிக்குமா என்று கேட்டால் பிடிக்காது என்றுதான் கை போகும்.

இதை லென்ட், பிரவுன், ஹேக்கெட் என்ற உளவியலாளர்கள் மூவர் 1994-ல் ஒரு கோட்பாடாகவே எழுதியிருக்கிறார்கள். நம்மால் முடியும் என்ற நம்பிக்கை வருகிற இடத்தில்தான் ஆர்வமும் வளர்கிறது என்பது அதன் சாரம். அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும் என்பதை அவர்களுக்கு முன்பே ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் சொல்லிவிட்டார்: நாமே செய்து ஜெயிப்பது, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, உன்னால் முடியும் என்று யாராவது சொல்வது, அந்த நேரத்தில் உடம்பு படுகிற பதற்றம் அடங்குவது. இதில் முதலாவதுதான் மிகவும் பலமானது என்றார். எனக்கு இந்த நான்கும் அந்த மோட்டார் கொட்டகையிலேயே கிடைத்தன.

டெஸ்ட் வீண் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலான ஆர்வ டெஸ்ட்டுகள் ஜான் ஹாலண்ட் 1959-ல் வைத்த கோட்பாட்டின் மேல் நிற்கின்றன. இரண்டாம் உலகப்போர் காலத்தில் ராணுவத்துக்கு வருகிறவர்களைப் பேட்டி எடுக்கும் வேலையில் இருந்தவர் அவர். மனிதர்களையும் வேலைகளையும் செய்முறை, ஆய்வு, கலை, சமூகம், தொழில்முனைவு, ஒழுங்குமுறை என்று ஆறு வகையாகப் பிரித்து, இரண்டும் பொருந்தினால் திருப்தி வரும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2020-ல் ஹாஃப் என்பவரும் கூட்டாளிகளும் கணக்குப் போட்டபோது, ஆர்வப் பொருத்தத்துக்கும் வேலைத் திருப்திக்கும் இருந்த ஒட்டுறவு 0.19. ஒன்று ஏறினால் மற்றதும் அப்படியே கூட ஏறுகிறது என்றால் 1, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றால் 0. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் திருப்தியில் இருக்கிற வித்தியாசத்தில் நூற்றுக்கு நான்கு பங்கைக்கூட இது விளக்காது. ஆகவே ‘பிடித்த வேலையில் சேர்ந்தால்தான் நிம்மதி’ என்ற பயத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

இந்த விஷயத்தில் எல்லோருக்கும் நான் சொல்ல ஆசைப்படுவது லிண்டா காட்ஃப்ரெட்சன் 1981-ல் எழுதியதைத்தான். நாம் வேலையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைக்கிறோம், உண்மையில் சின்ன வயதிலிருந்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருகிறோம், மிச்சம் இருப்பதில் ஒன்றை எடுக்கிறோம் என்றார் அவர். மூன்றிலிருந்து ஐந்து வயதில் பெரியவர்கள்தான் வேலைக்குப் போவார்கள் என்பது புரிகிறது. ஆறிலிருந்து எட்டு வயதில் இது ஆண் வேலை, இது பெண் வேலை என்று கொஞ்சம் அடிபடுகிறது. ஒன்பதிலிருந்து பதின்மூன்றில் எது கௌரவம், எது கௌரவக் குறைச்சல் என்று இன்னும் கொஞ்சம் போகிறது. எனக்கு என்ன பிடிக்கும் என்ற கேள்வியே பதினான்கு வயதுக்கு மேல்தான் வருகிறது.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஏழு வயதில் மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்தபோது ‘பாப்பா, நீ வரப்போட நில்லு’ என்று அப்பா தடுத்தது ஞாபகம் வந்தது, தம்பி உள்ளே போனான். ஆறாம் வகுப்பில் என்ன ஆகப் போகிறாய் என்று டீச்சர் கேட்டபோது வகுப்பில் பாதிப்பேர் விவசாயி பிள்ளைகள், ஒருவர்கூட விவசாயம் என்று சொல்லவில்லை. இந்தச் சேறு எங்களோடு போகட்டும் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள், பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்ற அன்பில்தான். ஆனால் அப்படி அடித்து அடித்து எனக்கு மிஞ்சியது டீச்சர், நர்ஸ், பேங்க், கணக்கு. டெஸ்ட் அந்த நான்கில் ஒன்றைத்தான் எடுத்துக் கொடுத்தது.

அதனால் எது பிடிக்கும் என்று யோசித்துக் களைப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, எதையெல்லாம் என்றைக்கோ அடித்துவிட்டோம், யார் சொல்லி அடித்தோம் என்று எழுதிப் பாருங்கள். போட்டித் தேர்வைத் தவிர வேறு எதுவுமே மனதில் வராவிட்டால் அதையும் எழுதுங்கள்.

நிம்மதிக்கு வருகிறேன். ஏமி ரெஸ்னெவ்ஸ்கி 1997-ல் 196 பேரிடம் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. சிலர் தங்கள் வேலையைச் சம்பளத்துக்கான வேலையாகப் பார்க்கிறார்கள், சிலர் மேலே ஏறும் ஏணியாக, சிலர் இதற்காகத்தான் நான் என்று பார்க்கிறார்கள். அந்த 196 பேரில் ஒரே பதவியில் இருந்த அலுவலக உதவியாளர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீதம் பிரிந்து நின்றார்கள். எங்கள் பாத்திரக் கடையில் இது கண்ணெதிரே நடந்தது. ஒரே சம்பளத்தில் விற்பனைக்கு இரண்டு பேர். ஒருவர் எட்டு மணி எப்போது அடிக்கும் என்று பார்ப்பார். இன்னொருவர் குத்துவிளக்கைத் தூக்கினாலே நாச்சியார்கோயிலில் எந்தப் பட்டறை வார்ப்பு என்று சொல்வார், கல்யாண வீட்டார் வந்தால் கூடத்தின் அளவைக் கேட்டுவிட்டுத்தான் விளக்கைக் காட்டுவார். முதலாமவர் சோம்பேறி இல்லை, வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா, அவர் மனசு அங்கே இருந்தது.

வேலையின் அமைப்பும் பெரிய விஷயம். ஹேக்மன், ஓல்டம் இருவரும் 1976-ல் ஐந்து குணங்களைச் சொன்னார்கள்: பலவிதத் திறமை தேவைப்படுவது, ஒரு வேலையை முதலிலிருந்து கடைசிவரை நாமே முடிப்பது, அது பிறருக்கு உதவுவது, சொந்தமாக முடிவெடுப்பது, செய்தது சரியா என்று அந்த வேலையிலேயே தெரிவது. நாற்றங்காலிலிருந்து அறுப்பு வரை நெல் விவசாயத்தை இதில் வைத்துப் பார்த்தால் நான்கு அப்படியே பொருந்தும். இடிப்பது சொந்தமாக முடிவெடுக்கும் அந்த ஒன்றுதான். எங்கள் பாசனத்துக்கு மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம், 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். எப்போது விதை விடுவது என்பதே நம் கையில் இல்லாதபோது அப்பாக்கள் ‘இது வேண்டாம்’ என்று சொன்னதில் நியாயம் இருக்கிறது.

சம்பளம் பற்றி ஒன்று. 2010-ல் டிமோதி ஜட்ஜும் மற்றவர்களும் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் சம்பளத்துக்கும் வேலைத் திருப்திக்கும் ஒட்டுறவு 0.15 தான். இதை வைத்துப் பணம் முக்கியமில்லை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். நகைக்கடன் வட்டி ஏறுகிற வீட்டில் மாதம் ஒழுங்காக வருகிற சம்பளம் நிம்மதியேதான். நானும் இன்றைக்கும் காலையில் இரண்டு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன், அந்த வரும்படி இல்லாமல் மிச்சத்தைத் தொடங்கியிருக்க முடியாது.

மிச்சம் என்றால் நடவு மிஷின். சித்தப்பா மகன் அண்ணனும் நானும் சேர்ந்து ஒன்று வாங்கி வாடகைக்கு விடுகிறோம். மிஷினில் வைக்கத் தோதாகப் பாய் போல நாற்று வளர்க்கிற பாய் நாற்றங்கால் விடுவது அவர் பொறுப்பு, மிஷினும் நாள் ஒதுக்குவதும் என் பொறுப்பு.

நீங்கள் டெஸ்ட் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதற்கு முன்னால், அடித்துப்போட்ட பட்டியலிலிருந்து மூன்றை எடுத்து, அந்த வேலை செய்கிறவர் பக்கத்தில் ஒரு முழு நாள் இருந்து பாருங்கள். சம்பளம் எவ்வளவு என்பதோடு, நேற்று காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்றும் கேளுங்கள், விட்டால் போதும் என்று தோன்றியது எப்போது என்றும் கேளுங்கள். முடிந்தால் அவர் கையில் இருப்பதை வாங்கிக் கொஞ்ச நேரம் நீங்களே செய்து பாருங்கள். மூன்றில் ஒன்று நடவு மிஷினாக இருந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள், வருகிற குறுவையில் ஒரு நாள் எங்களோடு வயலில் நிற்கலாம், மாற்றுத்துணி மட்டும் எடுத்து வாருங்கள்.