சாத்தானின் சின்னங்களா? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் மகளின் பையில் ஐந்து முனை நட்சத்திரம் இருக்கிறது. எரித்துவிடவா?

பதில்: வேண்டாம் சகோதரி. இடைக்காலக் கிறிஸ்தவர்கள் அந்த நட்சத்திரத்தில் ஆண்டவரின் ஐந்து காயங்களைப் பார்த்தார்கள்: இரண்டு கை, இரண்டு கால், விலா. 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதை ஒன்றில் ஒரு வீரன் சிவப்புக் கேடயத்தில் இதைப் பொன்னிறத்தில் தீட்டிக்கொண்டு போகிறான். கேடயத்தின் உட்புறம் மரியாளின் உருவம். தலைகீழாக, இரண்டு முனை மேலே இருந்தால் அது தீமை, ஆட்டின் கொம்பு என்று எழுதி வைத்தவர் 1850-களில் வாழ்ந்த எலிஃபாஸ் லேவி என்ற பிரெஞ்சு மாந்திரீக எழுத்தாளர். 1966-இல் ஆன்டன் லாவே சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய சாத்தான் சபை, தலைகீழ் நட்சத்திரத்துக்குள் ஆட்டுத்தலையை வைத்துத் தன் முத்திரையாக்கிக்கொண்டது. மகளின் பையில் அந்த ஆட்டுத்தலை இருந்தால், உட்கார்ந்து பேசுங்கள். வெறும் நட்சத்திரம் என்றால் விட்டுவிடுங்கள்.

எல்லோருக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். யார் வரைந்தார்கள், எப்போது, எதற்கு? இந்த மூன்றையும் கேட்காமல் எதையும் எரிக்காதீர்கள்.

கேள்வி: தலைகீழ் சிலுவை?

பதில்: இயேசுவின் சீடர் பேதுரு சிலுவையில் தலைகீழாக அறையப்பட்டார் என்பது பழைய பாரம்பரியம். அதனால் அது பேதுருவின் சிலுவை. 2000-இல் போப் இரண்டாம் யோவான் பவுல் இஸ்ரேலில் உட்கார்ந்த இருக்கையில் அது இருந்ததைப் படம் பிடித்து, சாத்தானின் சின்னம் என்று பரப்பினார்கள். போப் பேதுருவின் வழிவந்தவர் என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை, அதனால்தான் அது அங்கே இருந்தது. ஆனால் மேடையில் கிறிஸ்துவை இகழ்ந்து பாடுகிறவன் அதைத் தொங்கவிட்டால், அவன் பேதுருவை நினைத்துச் செய்யவில்லை.

கேள்வி: சமாதானச் சின்னம் என்பது ரோமப் பேரரசன் நீரோ உடைத்த சிலுவைதானே?

பதில்: இல்லை. 1958-இல் பிரிட்டனில் அணு ஆயுத எதிர்ப்பு ஊர்வலத்துக்காக ஜெரால்ட் ஹோல்டம் வரைந்தது. கொடிச் சைகையில் இரண்டு கொடிகளையும் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் ‘என்’ (N). ஒன்றை நேர் மேலே, மற்றதை நேர் கீழே பிடித்தால் ‘டி’ (D). ‘அணு ஆயுத ஒழிப்பு’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. நீரோவுக்கு இதில் வேலையே இல்லை.

கேள்வி: பார்கோடில் 666 ஒளிந்திருக்கிறதாமே?

பதில்: இரண்டு ஓரத்திலும் நடுவிலும் நீண்டு நிற்கும் கோடுகள் பார்வைக்கு ஆறு போலத் தெரியும். ஆனால் அவை இலக்கங்கள் அல்ல, ஸ்கேனருக்கு எல்லை காட்டுகிறவை. ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஏழு அலகு அகலம் உண்டு, ஓரக் கோடுகளுக்கு மூன்று, நடுவில் ஐந்து.

வெளிப்படுத்தின விசேஷம் 13:18 மிருகத்தின் எண்ணான 666-ஐக் கணக்குப் பார்க்கச் சொல்கிறது. எபிரெய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. ‘நீரோன் கேசர்’ (பேரரசன் நீரோ) என்று எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வரும். சில பழைய பிரதிகளில் 616 என்று இருக்கிறது. லத்தீன் வழக்கப்படி ‘நீரோன்’ என்பதன் கடைசி ‘நூன்’ எழுத்தை விட்டால் அதன் மதிப்பான 50 குறையும், சரியாக 616. சபையைத் துன்புறுத்திய ஓர் அரசனை அந்த வாசகர்கள் அடையாளம் கண்டிருப்பார்கள் என்றே நான் வாசிக்கிறேன்.

கேள்வி: ஐயா, வங்கி அட்டையிலும் 666 உண்டா?

பதில்: முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: முக்கோணத்துக்குள் கண்?

பதில்: முக்கோணம் திரித்துவம், கண் எல்லாம் காணும் தேவன். பழைய தேவாலயங்களில் பீடத்துக்கு மேலேயே இருக்கும்.

கேள்வி: கனவில் பாம்பு வருகிறது.

பதில்: என் துறை அல்ல. உங்கள் போதகரிடம் பேசுங்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் சாக்குச் சொல்கிறீர்கள். எபேசுவில் எரித்தார்களே!

பதில்: நல்ல கேள்வி தம்பி. அப்போஸ்தலர் 19:19-ஐ மெதுவாகப் படியுங்கள். எரித்தவர்கள் மாந்திரீகம் செய்தவர்கள். எரித்தது அவர்களுடைய சொந்தப் புத்தகங்கள். மதிப்பு 50,000 வெள்ளிக்காசு. விற்றுக் காசாக்காமல், தாங்களே கொண்டுவந்து போட்டார்கள். அடுத்தவர் பிள்ளையின் பையை யாரும் சோதிக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பையன் நோட்டில் கண் படம் வரைந்தான். சபையார் முன்னால் அந்த நோட்டை எரித்தார்கள். அந்தப் பையன் அப்புறம் ஆலயப் பக்கமே வரவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அதே தம்பி: ஆனால் பேய்களுக்குப் பலியிடுகிறார்கள் என்று பவுல் சொல்கிறாரே? பொருளில் ஆவி இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பதில்: 1 கொரிந்தியர் 10-ஐ எடுத்தீர்கள், 8-ஐயும் எடுங்கள். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று எழுதியவரும் அதே பவுல்தான். கல்லைப் பற்றி அல்ல, பலியிடுகிறவன் யாரோடு பந்தியில் உட்காருகிறான் என்பதைப் பற்றியே 10-இல் பேசுகிறார். வெண்கலச் சர்ப்பத்தைப் பாருங்கள். கர்த்தர் சொல்லி மோசே செய்தது. பிற்காலத்தில் ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டினார்கள், எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார் (2 இராஜாக்கள் 18:4). வெண்கலம் மாறவில்லை, ஜனங்கள் அதை வைத்துச் செய்தது மாறிவிட்டது.

கேள்வி: அப்படியானால் ஓயீஜா பலகையும் வெறும் பலகைதானே?

பதில்: பலகை பலகைதான். ஆனால் எதற்கு? செத்தவர்களிடம் பதில் கேட்பதற்கு. உபாகமம் 18:11 அதை நேராகவே தடுக்கிறது. குறி பார்ப்பதும், மந்திரித்த தாயத்தும் அப்படியே. இவற்றை வீட்டில் வைத்திருக்காதீர்கள். இதில் நான் இளகமாட்டேன்.

கேள்வி: பார்கோடு பற்றி...

பதில்: சொல்லியாயிற்று.

கேள்வி: கழுத்தில் சிலுவை போட்டிருந்தால் கெட்டது அண்டாது, இல்லையா ஐயா?

பதில்: இஸ்ரவேலர், தங்களைக் காக்கும் என்று நம்பி, கர்த்தருடைய உடன்படிக்கைப் பெட்டியைப் போர்ப் பாளயத்துக்குக் கொண்டுவந்தபோது தரை அதிர ஆர்ப்பரித்தார்கள். அன்று 30,000 காலாட்கள் விழுந்தார்கள், பெட்டியும் எதிரிகளான பெலிஸ்தர் கைக்குப் போனது (1 சாமுவேல் 4). சிலுவையைத் தாயத்தாக்கினாலும் இதே தவறுதான் சகோதரி. சங்கிலியை ஒரு வாரம் கழற்றி வைத்துப் பாருங்கள். பயம் வந்தால் எனக்கு எழுதுங்கள், அதைப் பற்றிப் பேசுவோம்.