சமணப் படுக்கையில பெயின்ட்டு: பசங்களை வச்சு சுத்தம் பண்ணலாமா?

மேலூர் பக்கத்துல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார். ஊர் மலையில சமணப் படுக்கை, அதாவது அந்தக் காலத்துல சமண முனிவர்கள் படுக்க பாறையில வெட்டின படுக்கை இருக்கு, பழைய எழுத்தும் இருக்கு, அது மேலயே பசங்க பெயின்ட்ல பேரு எழுதி வச்சிருக்காங்க, பாட்டில் வேற உடைஞ்சு கிடக்கு, இளைஞர் மன்றத்தை வச்சு கம்பி பிரஷ்ஷும் தின்னரும் போட்டு தேய்ச்சிடலாமான்னு.

தேய்க்காதீங்க சார். தின்னர் ஊத்தினா பெயின்ட் கரைஞ்சு பாறைக்குள்ள இறங்கிடும், கம்பி பிரஷ் போட்டா பெயின்ட்டோட சேர்த்து 2,000 வருஷத்து எழுத்தும் போயிடும், அதுக்கு அந்த பெயின்ட்டே இருந்துட்டுப் போகட்டும். அதை எடுக்குறது தொல்லியல் துறை கெமிஸ்ட் வேலை. மத்திய தொல்லியல் துறையோட நீல போர்டு இருக்கான்னு பாருங்க. இருந்தா அது 1958 சட்டத்துல பாதுகாக்கப்பட்ட இடம், சேதப்படுத்தினா 2 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் வரை அபராதம், நல்லெண்ணத்துல தேய்ச்சேன்னு சொல்லி தப்பிக்க முடியாது. எந்த போர்டும் இல்லேன்னா போட்டோவோட கலெக்டருக்கும் மாநில தொல்லியல் துறைக்கும் ஒரு மனு குடுத்துடுங்க.

அப்போ பசங்களுக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. நான் சொல்றது, முதல்ல அந்த எழுத்தை வாசிக்க சொல்லிக் குடுங்க. தமிழின்னு சொல்ற அந்தப் பழைய தமிழ் எழுத்து (தமிழ் பிராமி) ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, 'க'ங்குறது வெறும் கூட்டல் குறி, ரெண்டு மூணு சாயங்காலம் உக்காந்தா அவனவன் பேரை பேப்பர்ல எழுதிடுவான். உங்க பக்கத்து மாங்குளம் மலையிலயே இருக்கே, கணி நந்தன்னு ஒரு சமண முனிவருக்கு பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனோட அலுவலர் கடலன் வழுதி படுக்கை வெட்டிக் குடுத்தார்னு. அவரும் பாறையில பேரைத்தான் பொறிச்சார், ஆனா இன்னொருத்தர் படுக்கறதுக்கு இடம் குடுத்துட்டு பொறிச்சார், இதைச் சொல்லிப் பாருங்க, பெயின்ட் டப்பா தூக்குனவனே முதல்ல சிரிப்பான். அவனையே கூட்டத்துல சேருங்க, நல்ல பையனா பொறுக்கி எடுத்தா மலைக்குப் போறவன் எவனும் உள்ள வரமாட்டான்.

எழுத்தைப் பார்க்க சாக்பீஸ், மாவு எதையும் தடவக்கூடாது. சாயங்காலம் வெயில் சாயுறப்போ போங்க, இல்ல செல்போன் டார்ச்சை பாறையோட ஒட்டி பக்கவாட்டுல அடிங்க, பள்ளத்துல நிழல் விழுந்து எழுத்து தானா எந்திரிச்சு வரும். அதைப் பார்க்குறப்போ பசங்க முகத்தைப் பார்க்கணுமே!

அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை அதே இடத்துல நின்னு அதே கோணத்துல போட்டோ எடுத்து தேதியோட வைக்கச் சொல்லுங்க, புது விரிசல், புது கிறுக்கல், பக்கத்துல யாராச்சும் கல் உடைக்கிறாங்களா எல்லாம் அதுல மாட்டும், மனு குடுக்கும்போது இதைவிட சாட்சி வேற கிடையாது. காலேஜ் பசங்க இருந்தா என்எஸ்எஸ் 7 நாள் முகாமை உங்க ஊர்ல போடச் சொல்லிக் கேளுங்க. ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தரையும் கூட கூட்டிட்டுப் போங்க, பஞ்சபாண்டவர் படுக்கைன்னு அவர் ஒரு கதை வச்சிருப்பார், அதையும் ரெக்கார்டு பண்ணிக்கலாம்.

குப்பை பொறுக்கறது தாராளமா செய்யலாம், கண்ணாடிச் சில்லுக்கு மட்டும் கையுறை போட்டுக்கங்க, குகை மேல மலைத்தேனீ கூடு இருந்தா அன்னைக்கு ஏறாம திரும்பிடுங்க, புகை கிகை போட்டுடாதீங்க.