ஹீத்ரோ–சூரிக்: 788 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம்?

கேள்வி: லண்டன் ஹீத்ரோவில் காலை 10 மணிக்குக் கிளம்பி, சூரிக்கில் 12.45-க்கு இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் தூரம் 788 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம் என்கிறார்கள். எதை நம்புவது? 1.15-க்குப் பெர்ன் போகும் ரயிலில் மலிவு டிக்கெட் எடுக்கலாமா?

பதில்: டிக்கெட்டை நம்புங்கள். ஆனால் அதில் ஒரு மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள். சூரிக் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது. கோடைகால நேர மாற்றமும் இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் வருவதால், வருடம் முழுக்க இதே வித்தியாசம்தான். ஆக, உங்கள் பயணம் ஒன்றே முக்கால் மணி நேரம்.

சரி, மிச்ச அரை மணி நேரம் எங்கே போகிறது? பெரும்பாலும் தரையில். டிக்கெட்டில் போடும் நேரம், விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து சூரிக்கில் போய் நிற்கும் வரையான கணக்கு. ஹீத்ரோவில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போய் வரிசையில் காத்திருப்பதற்கே இருபது நிமிடம் ஆகிவிடும். அப்புறம், 788 என்பது பூமியின் வளைவை ஒட்டிப் போட்ட மிகக் குறுகிய கோட்டின் நீளம். விமானம் அந்தக் கோட்டிலேயே போவதில்லை. லண்டனில் பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று வீசுவதால், காற்றை எதிர்த்து மேற்கே பார்த்துக் கிளம்பி, வளைந்து திரும்பித்தான் சூரிக் பக்கம் வர வேண்டும். திரும்பி வரும் பயணத்தில் அதே காற்று எதிரே நிற்கும். ஹீத்ரோவில் நெரிசல் என்றால் இறங்குமுன் வானில் வட்டமடிக்கவும் வைப்பார்கள்.

1.15 ரயில் வேண்டாம். ரயில் நிலையம் விமான நிலையத்துக்குக் கீழேயே இருப்பதால் நடை ஒன்றும் பெரிதல்ல. நேரம் பிடிப்பது பாஸ்போர்ட் வரிசைதான். தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் வட்டமான ஷெங்கனுக்குள் சுவிட்சர்லாந்து இருக்கிறது, பிரிட்டன் வெளியே. 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய நுழைவு முறையில், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்கள் முதல் முறை கைரேகையும் புகைப்படமும் கொடுக்க வேண்டும். மலிவு டிக்கெட் குறிப்பிட்ட அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். தவறவிட்டால் பணம் போச்சு. குறைந்தது ஒன்றரை மணி நேர இடைவெளி விடுங்கள். இல்லையென்றால், எந்த ரயிலிலும் ஏறக்கூடிய சாதாரண டிக்கெட் எடுங்கள்.

அந்த 788 கிலோமீட்டர் பயன்படும் இடம் ஒன்று உண்டு: இழப்பீடு. லண்டனிலிருந்து கிளம்பும் விமானம் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்து, காரணம் விமான நிறுவனத்தின் பக்கம் இருந்தால், 1,500 கிலோமீட்டர் வரையான பயணத்துக்கு 220 பவுண்டு கேட்கலாம். மோசமான வானிலைக்குக் கிடையாது. இதில் நிமிடங்கள் முக்கியம். சால்ஸ்பர்கிலிருந்து கொலோன் போன ஒரு விமானம் 2 மணி 58 நிமிடத் தாமதத்தில் தரை தொட்டது. நிறுத்துமிடத்துக்கு வந்தபோது 3 மணி 3 நிமிடம். விமானத்தின் ஒரு கதவாவது திறக்கும் நேரம்தான் வந்து சேர்ந்த நேரம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் தீர்ப்புச் சொன்னது. உங்கள் விமானம் தாமதமானால், கதவு திறந்த நேரத்தை போனில் குறித்து வையுங்கள்.